வண்டி மையின் பேரப்பிள்ளை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகளை முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், வெட்டி வைத்தார்கள். எந்த வயதுக்காரர் பொறுப்புக்கு வரலாம், எவ்வளவு நிலம் வைத்திருக்க வேண்டும், கணக்குக் காட்டாமல் நழுவியவரோடு சேர்த்து எந்தெந்த உறவுக்காரர்களை ஒதுக்க வேண்டும் என்பது வரை பிசிறில்லாமல் எழுதினார்கள். ஏரியைக் கவனிக்கத் தனியாக ஏரி வாரியம் இருந்தது. அதற்கும் முன்னால், பல்லவர் காலத்திலேயே, வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற அந்த ஏரியைத் தூர் வாரப் பொன் கொடுத்த செய்தியும் கல்லில் ஏறியிருந்தது. இவ்வளவையும் எழுதியவர்கள் எழுதாமல் விட்ட சில்லறை விஷயங்களில் ஒன்று உண்டு. அந்த ஏரி நீரில் விளைந்த நெல்லை இழுத்துப் போன வண்டிச் சக்கரங்கள் கிறீச்சிடாமல் உருள என்ன பூசினார்கள்?

கல்லில் வெட்டும் அளவுக்கு அது ரகசியமாகவும் இருக்கவில்லை. நினைவுக்கு எட்டிய காலம் முதல் அந்தப் பக்கத்து ஊர்களில் வரப்போரத்திலும் குப்பைமேட்டிலும் தானாக முளைத்து நின்ற ஆமணக்குச் செடிதான் அதற்கு ஆதாரம். குலை குலையாகத் தொங்கிய முள்ளுக் காயைப் பறித்துக் களத்தில் காயப் போட்டால், உச்சி வெயிலில் பட்டென்று வெடித்துக் கொட்டைமுத்து தெறித்தது. அதைச் சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, தண்ணீர் விட்டுப் பெரிய பானையில் கொதிக்க வைத்தார்கள். மேலே மிதந்ததை அகப்பையால் வழித்து எடுத்து, ஈரம் போக இன்னொரு தரம் காய்ச்சினால் விளக்கெண்ணெய். பிள்ளையின் வயிற்றுக்கும் மாட்டின் வயிற்றுக்கும் மாடத்து விளக்குக்கும் போக மிஞ்சிய மட்ட எண்ணெய் வண்டிக்கு வந்தது. வைக்கோலைக் கொளுத்தி, அந்தக் கரியை எண்ணெயில் குழைத்தால் வண்டி மை. அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டார்கள். சக்கரம் முனகத் தொடங்கியதும் வண்டிக்காரர் இறங்கினார். கடையாணியைத் தட்டிக் கழற்றி, சக்கரத்தைப் பாதி இழுத்து, இருசில் மையை விரலால் அப்பி, மறுபடி தள்ளி மாட்டினார். எண்ணெயை மட்டும் ஊற்றினால் ஆகாதா, கரி எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் அந்தக் கரிக்கு மாற்றுத் தேடித்தான்.

வெறும் எண்ணெய் வழிந்து மண்ணில் சொட்டிவிடும். எதையாவது சேர்த்துக் கெட்டியாக்கினால்தான் அச்சைக் கட்டிப் பிடித்து நிற்கும். இந்தச் சூட்சுமம் உலகில் பல இடங்களில் தனித்தனியே பிடிபட்டது. கி.மு. 1900 வாக்கில் எகிப்தில் ஜெகூதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், பிரம்மாண்டமான சிலை ஒன்றைச் சறுக்குவண்டியில் ஏற்றி ஒரு கூட்டம் இழுப்பதாகவும், முன்னால் நிற்கும் ஒருவன் மணலில் எதையோ ஊற்றுவதாகவும் ஓவியம் தீட்டினார்கள். அது தண்ணீர்தான், ஈர மணலில் இழுவை பாதியாகக் குறையும் என்று 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் சோதித்துச் சொன்னார்கள். அதைவிட ருசியான சங்கதி வேறொரு கல்லறையில் கிடைத்தது. அங்கே கிடந்த, கி.மு. 1400-ஐ ஒட்டிய ஒரு தேரின் அச்சில் ஒட்டியிருந்த பிசுக்கில் விலங்குக் கொழுப்பும் சுண்ணாம்பும் கலந்திருந்தன. கொழுப்பும் சுண்ணாம்பும் கூடினால் ஒருவகைச் சோப்பு உண்டாகும். எகிப்துக்காரன் கரிக்குப் பதில் சோப்பைப் போட்டான். அதற்குப் பிறகு மூவாயிரம் ஆண்டுகளுக்கு யாரும் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை, தண்டவாளம் வரும் வரை.

மாட்டு வண்டியின் வேகத்துக்கு எதைப் பூசினாலும் ஓடியது. நீராவி இழுத்த பெட்டிகளின் அச்சுகளோ புகைந்தன. இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில்வேயில் நிர்வாகியாக இருந்த ஹென்றி பூத், விலங்குக் கொழுப்பு, பாமாயில், சோடா, தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து கிளறிய அச்சுப் பசைக்கு 1835-ல் காப்புரிமை வாங்கினார். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 3 அடி 6 அங்குல இடைவெளியில் ஒரு குட்டித் தண்டவாளம் போட்டார்கள். இந்தியாவில் வேறெங்கும் நிலைக்காத அளவு அது, பிற்பாடு மீட்டர் கேஜாக மாறியது. அந்தக் காலத்து இந்திய ரயில்களில் கைவிளக்குக்கும் அச்சுக்கும் ஆமணக்கு எண்ணெய் ஏராளமாகச் செலவானது. வரப்போரச் செடிக்குத் திடீரென்று கம்பெனி உத்தியோகம் கிடைத்தாற்போல் ஆயிற்று. ஆனால் வேலைக்கு வேட்டு வைக்கும் கிணறு அதற்குள் அமெரிக்காவில் தோண்டப்பட்டிருந்தது.

பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் என்ற முன்னாள் ரயில்வே கண்டக்டர் எண்ணெய்க்காகப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தார். ஊர் சிரித்தது. பணம் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடையை மூடு என்ற கடைசிக் கடிதம் தபாலில் வந்துகொண்டிருந்தபோதே, 1859 ஆகஸ்ட் 27 அன்று 69 அடி ஆழத்தில் துளையிடும் கருவி ஒரு பிளவில் விழுந்தது. மறுநாள் குழாயில் எண்ணெய் ஏறி நின்றது. அவர்களுக்கு வேண்டியிருந்தது விளக்கெரிக்க மண்ணெண்ணெய். அதைக் காய்ச்சி எடுத்த பின் அடியில் தங்கிய கனத்த கசடை என்ன செய்வது என்று முதலில் விழித்தார்கள். பிறகு அதையே எந்திரங்களுக்கு ஊற்றினார்கள். விளக்கு வேலையை மண்ணெண்ணெயும் அச்சு வேலையைக் கசடும் பறித்துக்கொள்ள, ஒரே கிணறு ஆமணக்கின் இரண்டு பிழைப்பிலும் மண்ணைப் போட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பேதி மருந்துக் கடையைத் தவிர அதற்குப் போக்கிடம் குறைவு. அங்கிருந்து அதைக் கைப்பிடித்துத் தூக்கியது ஆகாயம்.

பிரான்சில் செகான் சகோதரர்கள் 1908-ல் 'நோம்' என்ற விசித்திர விமான எஞ்சினைச் செய்தார்கள். அதில் விசிறியோடு சேர்ந்து எஞ்சினின் உடம்பே சுழன்றது. காற்றில் சுழலுவதால் சூடு தணிந்தது, எடையும் குறைந்தது. சிக்கல் எண்ணெயில் வந்தது. பெட்ரோலும் எண்ணெயும் ஒரே அறை வழியாகப் போனதால், பூமிக்கடியில் எடுத்த எண்ணெய் பெட்ரோலில் கரைந்து வழுக்கும் தன்மையை இழந்தது. பெட்ரோலில் லேசில் கரையாத, கொதிக்கும் உலோகத்திலும் ஒட்டி நிற்கிற எண்ணெய் ஒன்று வேண்டும். தேடிப் பார்த்தால் அது மருந்துக்கடை அலமாரியில் இருந்தது. 1909-ல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு தன் எண்ணெயில் ஆமணக்கைச் சேர்த்துக் காஸ்ட்ரால் என்று விற்கத் தொடங்கினார். முதல் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களில் பல அத்தகைய சுழல் எஞ்சினை மாட்டிப் பறந்தன. ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது. மணிக்குப் பல லிட்டர் புகையாகவும் திவலையாகவும் பின்னால் தெறித்து விமானியின் முகத்தில் அப்பியது. மூக்கிலும் வாயிலும் போனது விளக்கெண்ணெய் ஆயிற்றே, எதிரியின் குண்டைவிட வயிற்றுக்குத்தான் அதிகம் அஞ்சினார்கள் என்று அக்காலக் கதைகள் கேலி பேசின.

இந்தியக் கொட்டைமுத்துக்குக் கிராக்கி ஏறியது. போரில் நுழைந்த அமெரிக்கா, எத்தனை நாள் கடல் தாண்டி வரும் சரக்கை நம்புவது என்று யோசித்து, இந்தியாவிலிருந்து விதையை வரவழைத்து 1918-ல் ஃபுளோரிடா முதலிய தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆமணக்கு விதைத்தது. குலை தள்ளும் நேரம் பார்த்து மழை கொட்டியது. சாம்பல் நிறப் பூஞ்சை ஒன்று குலைகளில் பஞ்சு பிடித்தாற்போல் படர்ந்து காயை அழுகடித்தது. அப்படியொரு நோய் இருப்பதே அந்த நாசத்தில்தான் ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டது. 1919-ல் கோட்ஃப்ரே என்ற தாவர நோயியலாளர் அதை விவரித்து எழுதினார். இன்றுவரை தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் ஈரமான பருவங்களில் ஆமணக்கு விவசாயியை அழ வைப்பது அதே பூஞ்சைதான். அமெரிக்க அறுவடை பொய்த்த அந்த ஆண்டு நவம்பரிலேயே போர் முடிந்தது. சில ஆண்டுகளில் சுழல் எஞ்சினும் ஒழிந்தது. ஆமணக்கு மறுபடி மருந்துக்கடைக்குத் திரும்பியது. அடுத்த அழைப்பு எண்ணெயாகக் கேட்டு வரவில்லை.

இதற்கிடையே மோட்டார் உலகம் கிரீஸ் விஷயத்தில் திணறிக்கொண்டிருந்தது. எகிப்துக்காரனின் சுண்ணாம்புச் சோப்பில் பெட்ரோலிய எண்ணெயைக் குழைத்தால் தண்ணீருக்கு அசையாத கிரீஸ் கிடைத்தது. ஆனால் அதன் உடம்பைக் கட்டி நிறுத்தியதே அதற்குள் இருந்த துளி ஈரம்தான். சூடு ஏறி அந்த ஈரம் ஆவியானதும் கிரீஸ் உருக்குலைந்து ஓடியது. சோடியம் சோப்பில் செய்தது சூட்டைத் தாங்கியது, மழை பட்டதும் கரைந்து போனது. எனவே பட்டறைக்காரர் சேசிஸுக்கு ஒரு டப்பா, சக்கர பேரிங்குக்கு ஒரு டப்பா, தண்ணீர் பம்புக்கு இன்னொன்று என்று அடுக்கி வைத்தார். கிரீஸ் கன்னைப் பொருத்தி அழுத்துகிற அந்தச் சின்ன நிப்பிளை ஆஸ்திரியரான ஆஸ்கர் ஜெர்க் திருத்தமாகச் செய்து 1929-ல் காப்புரிமை பெற்றார். நிப்பிள் தயாராகிவிட்டது. அதற்குள் எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே கிரீஸைத்தான் காணோம். டப்பாவை மாற்றிப் போட்டுப் பேரிங்கைச் சாகடித்த கதைகள் பட்டறைதோறும் நடந்தன.

இரண்டாம் உலகப் போர் அந்த முடிச்சை இறுக்கியது. பறக்கும் உயரத்தில் உறைபனிக் குளிர், எஞ்சின் பக்கத்தில் அனல். இரண்டையும் ஒரே கிரீஸ் தாங்க வேண்டும். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர், அதுவரை பெரிதாக யாரும் சீண்டாத லித்தியம் என்ற லேசான உலோகத்தைக் கொண்டு சோப்புச் செய்து பார்த்து, 1942-ல் காப்புரிமைகள் பெற்றார். சூடு, குளிர், தண்ணீர் மூன்றுக்கும் அது அசையவில்லை. அப்பாடா என்று மூச்சு விட முடிந்ததா? முடியவில்லை. பேரிங் ஓயாமல் பிசையப் பிசைய அந்த கிரீஸ் தளர்ந்தது, எண்ணெயைக் கக்கியது. மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த அமிலத்தைத்தான் லித்தியத்தோடு சேர்த்திருந்தார்கள். லித்தியம் சரி, கூட்டாளிதான் சரியில்லை.

கூட்டாளியை மாற்றி மாற்றிச் சோதித்தவர்களில் ஷெல் நிறுவனத்தின் ஃபிரேசர் ஒருவர். 1946-ல் வெளியான அவரது காப்புரிமையில் ஒரு மெழுகு இடம்பெற்றது. எண்ணெய் ஒன்றில் ஹைட்ரஜனை ஏற்றினால் வெள்ளை வெளேரென்று கெட்டியாகிவிடும் மெழுகு. அதன் அமிலத்தை லித்தியத்தோடு சமைத்ததும் கிரீஸ் பட்டுப்போல் குழைந்து வந்தது. எவ்வளவு பிசைந்தாலும் தளரவில்லை. கிட்டத்தட்ட 190 டிகிரி வரை சூடேற்றினால்தான் துளி விட்டது. சேசிஸ், பேரிங், பம்பு என்று மூன்று டப்பாவின் வேலையையும் ஒரே டப்பா பார்த்தது. உலகத்து மெக்கானிக் கடைகள் அத்தனையிலும், உத்திரமேரூர் பஸ் நிலையத்தைச் சுற்றிய பட்டறைகள் வரை, மஞ்சளாகவோ பழுப்பாகவோ மூடி திறந்து கிடக்கிற சாதாரண மல்டிபர்ப்பஸ் கிரீஸ் அப்படித்தான் பிறந்தது. அந்த மெழுகு எந்த எண்ணெயில் வந்தது என்றால், ஆமணக்கு எண்ணெயில்.

பெட்ரோலியக் கிணற்றின் பிள்ளை என்று எல்லோரும் நம்பிய பொருளின் எலும்புக்கூடு ஆமணக்கு! காரணம் ஒரு நுணுக்கமான இடத்தில் இருந்தது. ஆமணக்கு எண்ணெயில் 85 முதல் 90 விழுக்காடு வரை ரிசினோலிக் அமிலம். அதன் நீண்ட சங்கிலியில் 12-ஆவது கரியணுவில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி தொங்குகிறது. நிலக்கடலை, எள், தேங்காய் என்று நம் சமையலறை எண்ணெய் எதிலும் அந்தக் கொக்கி கிடையாது. லித்தியச் சோப்பு மெல்லிய இழைகளாகப் பின்னிக்கொள்ளும்போது, இந்தக் கொக்கிகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்தன. ஈரத் துணி தண்ணீரைப் பிடித்து வைப்பதுபோல் அந்த வலை எண்ணெயைப் பிடித்து வைத்தது. அழுத்தினால் கொஞ்சம் விட்டது, அழுத்தம் போனதும் திரும்ப வாங்கிக்கொண்டது. எடையில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு சோப்பே போதுமாக இருந்தது. வைக்கோல் கரி செய்த வேலையை ஆமணக்கே ஏற்றுக்கொண்டது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். எண்ணெய் வேலையிலிருந்து துரத்தப்பட்டது, எண்ணெயைத் தாங்கும் வேலைக்கு வந்து சேர்ந்தது. போகிற போக்கில் இன்னொன்று: 1950-களின் ஜெட் எஞ்சின்களுக்கு ஊற்றிய செயற்கை எண்ணெயில் முக்கியமான செபாசிக் அமிலமும் இதே கொட்டைமுத்திலிருந்து வந்ததுதான்.

கிரீஸ் உத்திரமேரூர்ப் பக்கம் வந்து சேர்ந்தபோது வேடிக்கையான ஒரு மாற்றம் நடந்தது. டயர் வண்டி வந்து பால் பேரிங்கில் ஓடியது, டிராக்டர் வந்தது, மூங்கில் குழாய் பரணுக்கும் அங்கிருந்து அடுப்புக்கும் போனது. வரப்பு ஆமணக்கை வெட்டி எறிந்தார்கள். எறிந்த செடியின் சாரம் டப்பாவில் அடைபட்டு, குஜராத்திலிருந்து சுற்றிக்கொண்டு விலைக்கு வந்தது யாருக்கும் தெரியாது. குஜராத் 1968-லேயே ஜிசிஹெச்-3 என்ற ஒட்டு ரக ஆமணக்கை வெளியிட்டு முந்திக்கொண்டிருந்தது. உலக ஆமணக்கு விளைச்சலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்தியாவிலும், அதில் பெரும்பங்கு குஜராத்திலும் குவிந்தது. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. உத்திரமேரூரோ நெல்லோடும் நிலக்கடலையோடும் நின்றுகொண்டது.

டப்பாவில் ஆமணக்கு பத்துப் பங்கு என்றால் மீதித் தொண்ணூறு? அது பெட்ரோலிய எண்ணெய். வண்டி மை மண்ணில் விழுந்தால் சில வாரங்களில் மண்ணோடு மண்ணானது. இது ஆகவில்லை. நிப்பிளில் புதிய கிரீஸை அழுத்தினால் பழையது மறுபக்கம் பிதுங்கி விழ வேண்டும், அதுதான் முறை. விழுந்தது எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லை. நெல் அறுவடை எந்திரத்தின் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் சேற்றில் ஊற்றியது, கல் குவாரி லாரிகளின் அடியில் சொட்டியது. பட்டறையில் வடித்த வேஸ்ட் ஆயிலைக் கரையான் வராதிருக்க வீட்டு உத்தரத்தில் பூசினார்கள், மாட்டுக் கொட்டகைத் தூணில் தடவினார்கள். மழை அதைக் கழுவிக் கால்வாய்க்கும், கால்வாய் ஏரிக்கும் கொண்டு சேர்த்தது. உத்திரமேரூரில் மட்டுமா, உலகம் முழுக்க இதே கதைதான். முதலில் முகம் சுளித்தது ஓர் ஏரிக்கரைதான், ஆனால் அது ஐரோப்பாவில் இருந்தது.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்ட போடன்சே ஏரி லட்சக்கணக்கானவர்களுக்குக் குடிநீர் கொடுத்தது. அதில் ஓடிய மோட்டார் படகுகளின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் ஊற்றிய எண்ணெயில் ஒரு பங்கை எரிக்காமலே தண்ணீரில் துப்பின. எந்த எண்ணெய் சீக்கிரம் மட்கும் என்று அளக்க 1982-ல் ஒரு சோதனை முறை வகுத்தார்கள். எண்ணெயைக் கிருமிகள் நிறைந்த நீரில் போட்டு 21 நாள் கழித்து எவ்வளவு மீதி என்று பார்ப்பது. பின்னர் 28 நாளில் 60 விழுக்காடாவது கிருமிகளால் தின்னப்பட்டுக் காற்றோடு போக வேண்டும் என்ற கண்டிப்பான அளவு பரவலானது. மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தில் ஊற்றும் எண்ணெய் ஒரு சொட்டுகூடத் திரும்ப வராமல் காட்டில்தான் சிதறும். அந்த வேலைக்கு வரும் மட்கக்கூடிய எண்ணெய்க்கு ஜெர்மனி 1988-ல் தன் 'நீலத் தேவதை' சுற்றுச்சூழல் முத்திரையைத் தந்தது. ஆஸ்திரியா ஒரு படி மேலே போய், 1992 முதல் ரம்பத்தில் பெட்ரோலிய எண்ணெயே கூடாது என்றது. செக்கெண்ணெய்க்கு மறுபடி நல்ல காலம் என்று தோன்றியது. தோன்றியதுதான், நிலைக்கவில்லை.

கடுகு இனத்து எண்ணெயை மண்வெட்டும் எந்திரங்களின் ஹைட்ராலிக் குழாயில் நிரப்பியவர்கள் சீக்கிரமே கையைச் சுட்டுக்கொண்டார்கள். தாவர எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றும் சூடும் தாக்கின. எண்ணெய் பிசினாகித் திரண்டு வால்வுகளை அடைத்தது. ஈரம் புகுந்தால் அமிலமானது. குளிரில் உறைந்தது. ஆமணக்கும் இதில் யோக்கியம் இல்லை. ஒரு காலத்தில் அதை ஊற்றிய பந்தயக் கார்களின் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பிசின் சுரண்ட வேண்டியிருந்தது. சும்மா மட்கினால் போதாது, மட்கும் முன் உழைக்கவும் வேண்டும் என்ற பாடம் விலை கொடுத்துக் கற்றதாயிற்று. தாவரக் கொழுப்பமிலத்தை வேறு ஆல்கஹாலோடு சேர்த்துச் சமைத்த எஸ்டர் எண்ணெய்கள் இந்தச் சிக்கலுக்குக் கைகொடுத்தன. மண்ணில் மட்கும், எந்திரத்தில் நிற்கும். விலைதான் சாதா எண்ணெயைப்போல் பல மடங்கு. அந்த விலையை யார் தலையில் கட்டுவது?

கப்பல்காரர் தலையில் என்று அமெரிக்கா தீர்மானித்தது. கப்பலின் விசிறித் தண்டு உடம்பைத் துளைத்துக் கடலுக்குள் போகிற இடத்தில் ஒரு குழாய் உண்டு, அதன் முத்திரை வழியே எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். உலகத் துறைமுகங்களில் அந்தக் குழாய்களிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 46 லட்சம் முதல் 2 கோடியே 86 லட்சம் லிட்டர் வரை கசிவதாக 2010-ல் ஒரு கணக்கீடு சொன்னது. விபத்தே இல்லாமல், தினசரி நடப்பாக! 2013 டிசம்பர் 19 முதல், 79 அடி அல்லது அதற்கு மேல் நீளமான கப்பல் அமெரிக்கக் கடலுக்குள் வந்தால், கடல்நீரைத் தொடும் இடங்களில் மட்கக்கூடிய, நஞ்சு குறைந்த, மீன் உடம்பில் சேராத மசகெண்ணெயையே போட வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. பழைய கப்பல்களுக்கு மட்டும், தொழில்நுட்பப்படி சாத்தியமே இல்லை என்று காட்டினால் விலக்கு. எண்ணெய்க் கம்பெனிகள் எஸ்டரை டின் டின்னாக இறக்கின. சில ஆண்டுகளில் விசிறித் தண்டின் பேரிங்குகள் வழக்கத்துக்கு மாறாகப் பழுதாகத் தொடங்கின.

கப்பல் காப்பீட்டுக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். டிஎன்வி என்ற நார்வே தரச்சான்று நிறுவனம் சில காப்பீட்டு நிறுவனங்களோடு சேர்ந்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஆராயச் சொன்னது. பெரும் அழுத்தத்தில் பெட்ரோலிய எண்ணெய் கெட்டியாகித் தாங்குகிற அளவுக்கு இந்த எஸ்டர்கள் கெட்டியாகவில்லை, எண்ணெய்ப் படலம் மெலிந்து உலோகத்தை உலோகம் தொடுகிறது என்று தெரிந்தது. விதிமுறைகளைத் திருத்தினார்கள், கனமான ரகத்தை ஊற்றச் சொன்னார்கள். வேறு சிலர் எண்ணெயே வேண்டாம் என்று பின்னோக்கி நடந்தார்கள். 1850-களில் லண்டன் எஞ்சினியர் ஜான் பென், லிக்னம் விட்டே என்ற கடினமான மரத்தைப் பேரிங்காகப் போட்டுக் கடல்நீரையே மசகாக்கி நூறாண்டுக் காலம் கப்பல்களை ஓட வைத்திருந்தார். மரத்துக்குப் பதில் இப்போது செயற்கைப் பொருள், மசகு அதே கடல்நீர். இந்தச் சமாசாரம் உத்திரமேரூர் விவசாயிக்குப் புதிதல்ல. போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கும் முன் அதன் வயிற்றில் நல்ல தண்ணீரை நிரப்பி மூடியை முறுக்குவது ஊரறிந்த சடங்கு. உள்ளே பேரிங்குக்கு மசகு அந்தத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரில் எண்ணெய் கலக்காததும் அதனால்தான்.

இந்தியா விதி எழுதுவதில் பின்தங்கவில்லை. 1991-லேயே எக்கோமார்க் என்ற சுற்றுச்சூழல் முத்திரைத் திட்டம் வந்தது. மண்பானைதான் சின்னம், மசகெண்ணெயும் பட்டியலில் இருந்தது. ஆனால் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்ற முத்திரை, எல்லாப் பொருள்களையும் சேர்த்தே மிகச் சிலர்தான் வாங்கினார்கள். 2024 செப்டம்பரில் புது விதிகளோடு அதை மறுபடி தூசு தட்டினார்கள். கண்டிப்பு முழுக்கப் பழைய எண்ணெய் பக்கம் போனது. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் வேஸ்ட் ஆயில் இடம்பெற்றது. எண்ணெயைத் தயாரித்து விற்பவரே அதைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கப் பொறுப்பு என்ற அறிவிப்பு 2023 செப்டம்பரில் வந்து, 2024 ஏப்ரலில் அமலானது. முதலாண்டு இலக்கு 5 விழுக்காடு, படிப்படியாக 2029-30-ல் 50. கேனில் வடிக்க முடிகிற எஞ்சின் ஆயிலுக்கு இது பொருந்தும். நிப்பிளில் பிதுங்கிச் சேற்றில் விழுந்த கிரீஸை எந்தக் கேனில் வடிப்பது? திரும்ப வராத மசகு மட்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஆஸ்திரியா ரம்பத்துக்கு எழுதிய வரியை, அறுவடை எந்திரத்துக்கு இங்கே இன்னும் யாரும் எழுதவில்லை. எழுத வேண்டிய முதல் வரி அதுதான் என்பது இந்தக் கட்டுரைக்காரனின் கட்சி.

அதற்குள் டப்பாவுக்கு உள்ளேயே ஒரு குழப்பம் வெடித்தது. செல்போனும் மின்சார வண்டியும் பேட்டரிக்காக லித்தியத்தை அள்ளிக்கொண்டு போக, விலை ஏறியது. 2021 செப்டம்பரில் ஐரோப்பிய ரசாயன முகமையின் நிபுணர் குழு, லித்தியம் ஹைட்ராக்சைடு முதலிய மூன்று சேர்மங்களைக் கருவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் கேடு விளைவிப்பவை என்று வகைப்படுத்தப் பரிந்துரைத்தது. முதலாவதை வைத்துத்தான் கிரீஸ் சமைப்பது. கிரீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்த இடம் சுண்ணாம்பு. ஈரத்தை நம்பி நிற்காத புது வகைக் கால்சியம் கிரீஸ் இப்போது லித்தியத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வருகிறது, மட்கும் எண்ணெயில் குழைத்த ரகங்களும் அதில் உண்டு. கொழுப்பு மட்டும் எகிப்துத் தேரில் பூசிய விலங்குக் கொழுப்பு அல்ல. லித்தியத்தோடு கூட்டுச் சேர்ந்த அதே ஆமணக்கு மெழுகைத்தான் இதிலும் போடுகிறார்கள். உலோகம் எது ஜெயித்தாலும் ஆர்டர் குஜராத்துக்குத்தான் போகிறது.